மாட்டுங்கா வீட்டில் ஓர் அமெரிக்க மகோகனி நாற்காலி: எப்போது செய்தது, யாரிடம் இருந்தது?

கேள்வி: கிங்ஸ்சர்க்கிள்_மீனா

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் உள்ள எங்கள் குடும்ப வீடு இடித்துக் கட்டப்படவிருப்பதால், பழைய மரச்சாமான்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மற்றவற்றில் குழப்பமில்லை. ஒரே ஒரு நாற்காலியைப் பற்றி மட்டும் கேட்க விரும்புகிறேன்.

அது கை இல்லாத, சாப்பாட்டு மேசையோடு போடும் வகை. மரம் கருஞ்சிவப்பு. முன்கால்கள் இரண்டும் முழங்கால்போல் வளைந்து இறங்கி, பறவை நகம் ஓர் உருண்டையைப் பற்றியிருப்பதுபோல் முடிகின்றன. முதுகின் நடுப்பலகை நாடாக்களைப் பின்னியதுபோல் துளையிட்டுச் செதுக்கப்பட்டிருக்கிறது. மெத்தை வைத்த இருக்கையைத் தனியே தூக்கி எடுக்கலாம்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், அவர்களுடைய சுதந்திரப் போர்க் காலத்தில் செய்யப்பட்டது என்றும், ஃபோர்ட் பகுதியில் ஓர் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தில் தாத்தா கணக்கராக இருந்தபோது, தாயகம் திரும்பிய மேலதிகாரி ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது என்றும் வீட்டில் சொல்வார்கள். அத்தை ஒரு படி மேலே போய், ஜார்ஜ் வாஷிங்டனே அதில் உட்கார்ந்திருக்கிறார் என்பார். எழுத்தில் இருப்பது தாத்தாவின் 1948ஆம் ஆண்டுக் கணக்கு நோட்டில் ஒரே ஒரு வரிதான்: "அமெரிக்கன் துரை வீட்டு நாற்காலி 1, கை இல்லாதது, ரூ. 40." அன்பளிப்புக்கு ஏன் நாற்பது ரூபாய் என்பது எனக்கும் உறுத்துகிறது.

சோர் பஜார் மட்டன் தெருவில் ஒரு வியாபாரி கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, இது பம்பாயிலேயே செய்த சரக்கு, தேக்குக்கு மகோகனி பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்றார். ஓஷிவாராவில் இன்னொருவர் அசல் அமெரிக்கச் சரக்கு என்று சொல்லி விலையும் கேட்டார். யாரை நம்புவது? பின்கால் மூட்டு ஒன்று வேறு ஆடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

—

பதில்: செம்பூர்_பட்டறை

சகோதரி, மூட்டு ஆடுகிறது என்பதற்காக யாரையும் ஆணி அடிக்கவோ பசை ஊற்றவோ விடாதீர்கள். வயதைச் சொல்லக்கூடிய இடங்களில் அந்த மூட்டும் ஒன்று. பழைய மரச்சாமான்களைச் செப்பனிடும் தொழிலில் இருக்கிறேன். முன்பக்கச் செதுக்கு வேலையை மட்டும் பார்த்து வயது சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. நகல் எடுப்பவர் முதலில் கவனமாக நகலெடுப்பது அந்தச் செதுக்கு வேலையைத்தான். இருக்கைக்கு அடியில், சட்டங்களின் உட்பக்கத்தில், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவைத்த இடங்களில்தான் அவர் எந்தக் காலத்தவர் என்பது தெரியும்.

நீங்கள் வருணிக்கும் முதுகுப்பலகை, தாமஸ் சிப்பண்டேல் 1754இல் லண்டனில் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தின் வழி வந்தது. ஆனால் நகமும் உருண்டையும் கொண்ட கால் அந்தப் புத்தகத்தில் கிடையாது. லண்டனில் மோஸ்தர் போய்விட்ட அந்தக் காலை அமெரிக்கர்கள் பல ஆண்டுகள் விடாமல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அதையும் ஊருக்கு ஊர் வேறு விதமாகச் செய்தார்கள். பாஸ்டனில் பக்கவாட்டு நகங்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், கால்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைக்கும் பழக்கமும் அங்கே நெடுநாள் நீடித்தது. நியூயார்க்கில் உருண்டை ஏறத்தாழச் சதுரமாக இருக்கும். நியூபோர்ட்டில் சில பட்டறைகள் நகத்துக்கும் உருண்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்படி குடைந்துவிடுவார்கள்.

பிலடெல்பியா நாற்காலிக்கு இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. பக்கச் சட்டத்தின் நாக்கு, அதாவது மூட்டில் செருகும் மெல்லிய முனை, பின்காலைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் வரை வந்திருக்கும். நாற்காலியின் பின்னால் போய் நின்று இருக்கை மட்டத்தில் பார்த்தால், காலில் செவ்வகமாக அந்த நாக்கின் வெட்டுமுகம் தெரியும். இரண்டாவது, உள்மூலைகளில் கால்வட்ட வடிவக் கட்டைகளை நெட்டுவாக்கில் வைத்து ஒட்டியிருப்பார்கள். பைன், வெள்ளை சீடர் போன்ற மலிவான மரங்களை இதற்குப் பயன்படுத்தினார்கள். இந்த அடையாளங்கள் இருந்தாலே பிலடெல்பியா என்று தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. அங்கே தொழில் கற்ற எலிஃபலட் சாப்பின் கனெக்டிகட்டுக்குத் திரும்பி, செர்ரி மரத்தில் அதே முறையில் நாற்காலி செய்தார்.

பம்பாய்ச் சரக்கா அமெரிக்கச் சரக்கா என்ற உங்கள் கேள்விக்கு மறைவான இந்தக் கட்டைகள்தான் விடை. நம் ஊர்த் தச்சர், அமெரிக்கத் துரையின் நாற்காலியை மாதிரியாக வைத்துப் பம்பாயில் அதேபோல் ஒன்று செய்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கும் தேக்கைத்தான் போட்டிருப்பார். கடல் கடந்து வந்த பைனை மூலைக்கட்டைக்கு யார் தேடிப் போவார்கள்?

அடுத்தது கருவித் தடம். சட்டங்களின் உட்பக்கத்தில் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கை ரம்பம் நேரான, ஒழுங்கற்ற கீறல்களை விடும். வட்ட ரம்பம் வில்போல் வளைந்த, சம இடைவெளி உள்ள கோடுகளை விடும். அமெரிக்க மர ஆலைகளில் அது பரவலானது ஏறத்தாழ 1830க்குப் பிறகு. திருகாணி இருந்தால் ஒன்றை மட்டும் மெதுவாகக் கழற்றுங்கள். நுனி மழுங்கி, தலையில் உள்ள பள்ளம் நடுவிலிருந்து விலகியிருந்தால் பழையது. நுனி கூராக, மரை சீராக இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்திய இயந்திர வேலை. ஒரே ஒரு சட்டத்தில் மட்டும் வட்டக்கோடு தெரிந்தால் பதற வேண்டாம், அது பிற்பாடு மாற்றிய சட்டமாக இருக்கலாம், நான்கையும் பாருங்கள்.

—

பதில்: வாஷி_ரகு

சுதந்திரப் போர்க் காலத்து நாற்காலி இந்தியாவுக்கு எப்படி வந்திருக்கும் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். பிலடெல்பியாவிலிருந்து புறப்பட்ட 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற கப்பல் 1784 டிசம்பரிலேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டது. பிறகு 1833 முதல் பாஸ்டனிலிருந்து பனிக்கட்டி கல்கத்தாவுக்கு வந்தது. பம்பாயிலும் சென்னையிலும் அதற்கென்றே கிடங்குகள் கட்டினார்கள், சென்னையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் அப்படி வந்ததுதான். பனிக்கட்டி வந்த கப்பலில் ஒரு நாற்காலி வந்திருக்கக் கூடாதா?

—

பதில்: தாதர்_ஆவணம்

ரகு அவர்களே, வந்திருக்கலாம். ஆனால் கப்பல் வந்தது என்பது இந்த நாற்காலி அதில் வந்தது என்பதற்குச் சான்றாகாது. இந்த நாற்காலியின் பயணத்தைச் சொல்லும் எழுத்து 1948இல் தொடங்குகிறது. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் இன்னொரு எழுத்து வேண்டும்.

நம்பத்தக்க உரிமை வரலாறு எப்படி இருக்கும் என்பதற்கு ஜான் கேட்வாலடர் என்ற பிலடெல்பியாச் செல்வரின் சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1770-71இல் அவர் தம் வீட்டை நிரப்பியபோது தாமஸ் அஃப்லெக் என்ற மரவேலைக்காரர் கொடுத்த பில் இன்றும் இருக்கிறது. செதுக்கு வேலை செய்தவர்களுக்குப் போன தொகையும் அதில் தெரிகிறது. இருக்கைகளுக்கு உறை தைத்த பிளங்கெட் ஃப்ளீசனின் கணக்கும் கிடைத்திருக்கிறது. 1772இல் சார்லஸ் வில்சன் பீல் வரைந்த குடும்ப ஓவியத்தில் அந்த வீட்டின் செதுக்கு மேசை ஒன்று நன்றாகவே தெரிகிறது. பில், உறைக் கணக்கு, ஓவியம், குடும்பத்தில் வழிவழியாக வந்த உடைமை என்று நான்கு பக்கச் சாட்சிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால்தான், மயிர் படர்ந்த விலங்குப் பாதம் கொண்ட அந்த வீட்டுச் சாய்விருக்கை ஒன்று 1987இல் நியூயார்க் ஏலத்தில் 27.5 லட்சம் டாலருக்குப் போனது.

நான் இன்னும் மேலாக மதிப்பது தாமஸ் ஜெஃபர்சனின் எழுத்துப் பெட்டியை. சுதந்திரப் பிரகடனத்தை அவர் 1776இல் எழுதியது, பிலடெல்பியாவில் பெஞ்சமின் ராண்டால்ஃப் செய்து கொடுத்த சிறிய மகோகனி மடிமேசையின் மீது. 1825இல் தம் பேத்தி எல்லனுக்காக வேறோர் எழுத்து மேசையைச் செய்வித்து அனுப்பினார். அதைச் செய்தவர் ஜெஃபர்சனின் தோட்டத்தில் அடிமையாக இருந்த தச்சர் ஜான் ஹெமிங்ஸ். அந்த மேசை பாஸ்டனுக்குப் போகும் வழியில் கடலில் மூழ்கிவிட்டது. ஈடாக, இந்தப் பழைய மடிமேசையைப் பேத்தியின் கணவருக்கு அனுப்பிய ஜெஃபர்சன், இது எங்கே யார் செய்தது, இதன் மீது எது எழுதப்பட்டது என்று தம் கைப்படக் குறிப்பெழுதி, கையொப்பமிட்டு, மேசையிலேயே ஒட்டிவிட்டார். 1880இல் அந்தக் குடும்பம் அதை அமெரிக்க அரசுக்குக் கொடுத்தபோது யாரும் எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. பொருளை அறிந்தவர் உயிரோடு இருக்கும்போதே எழுதிப் பொருளோடு சேர்த்து வைத்த குறிப்புக்கு இணையான சான்று வேறில்லை என்பது என் எண்ணம்.

அத்தையின் கூற்றைப் பற்றி ஒரு சொல். 1787இல் அரசியலமைப்பு மாநாட்டுக்கு வாஷிங்டன் தலைமை வகித்தபோது அமர்ந்த நாற்காலி நன்கு அறியப்பட்டது. ஜான் ஃபோல்வெல் 1779இல் செய்த மகோகனிக் கைநாற்காலி அது, முதுகின் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கப்பட்டது. பிலடெல்பியா சுதந்திர மண்டபத்திலேயே இருக்கிறது. உங்களுடையதற்குக் கையே இல்லை.

உங்கள் தாத்தாவின் வரியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். "கை இல்லாதது" என்று அவர் குறித்திருப்பது, அந்த வரி இந்தக் குறிப்பிட்ட நாற்காலியைத்தான் சொல்கிறது என்பதற்கு நல்ல பொருத்தம். நாற்பது ரூபாயும் முரண் அல்ல. ஊர் திரும்பும் வெளிநாட்டவர் வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்பதும், வேண்டியவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுப்பதும் வழக்கம்தான். வாங்கியது என்பது நாளடைவில் குடும்பப் பேச்சில் அன்பளிப்பாக மாறியிருக்கும். அதே நோட்டில் அந்த வரிக்கு முன்னும் பின்னும் உள்ள சில பக்கங்களைப் படியுங்கள். வண்டிக்கூலி, கூலியாள் என்று ஏதேனும் இருந்தால் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதும் தெரியலாம்.

—

பதில்: மல்லேஸ்வரம்_மரவியல்

பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். தேக்கா மகோகனியா என்பதற்கு வாதமே தேவையில்லை. தேக்கின் வெட்டுமுகத்தில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். மகோகனியில் துளைகள் எங்கும் பரவலாக இருக்கும், வளையத்தின் எல்லையில் வெளிறிய மெல்லிய கோடு ஓடும், துளைகளுக்குள் கருஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ படிவு தெரியும். சட்டத்தின் அடியில் ஒரு வெட்டுமுகத்தைக் கூரிய பிளேடால் மெல்லச் சீவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தாலே போதும். சான்றாக வேண்டுமென்றால் இங்கே மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஒரு சிறு துணுக்கை அனுப்பலாம்.

சோதனை எதைச் சொல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகோகனி என்று உறுதியானாலும் மரம் எங்கே வளர்ந்தது என்று நுண்ணோக்கி காட்டாது. மேற்கிந்தியத் தீவுகளின் மகோகனி 1795லேயே கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்துவிட்டது. மூலைக்கட்டை பைன் என்று தெரிந்தாலும் ஒரு சிக்கல் உண்டு: அமெரிக்க வெள்ளைப் பைனும் நம் இமயமலை நீலப் பைனும் நெருங்கிய உறவு, மரத்தை வைத்துப் பிரிப்பது கடினம். துலிப் பாப்லர் கிடைத்தால் யோகம். அது அமெரிக்கக் கிழக்குப் பகுதிக்கே உரிய மரம்.

ஒரு பக்கக் குறிப்பு. மகோகனியின் அழகைப் பேசுபவர்கள் அது வெட்டப்பட்ட விதத்தைப் பேசுவதில்லை. ஜமைக்காவின் காடுகள் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வற்றத் தொடங்க, வெட்டு ஹோண்டுராஸ் கரைக்கு நகர்ந்தது. அங்கே ஆப்பிரிக்க அடிமைகளில் தேர்ந்த ஒருவர் உயர்ந்த மரமொன்றில் ஏறி, இலை நிறத்தை வைத்து மகோகனி நிற்கும் திசையைக் கண்டு சொல்வார். வெட்டிய கட்டைகளைக் கோடையில் பகல் வெக்கைக்கு மாடுகள் தாங்காது என்பதால் இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் ஆற்றங்கரைக்கு இழுத்து, மழை வந்ததும் வெள்ளத்தில் மிதக்கவிடுவார்கள். அந்தக் கரையில் உள்ள பெலீஸ் நாட்டின் சின்னத்தில் இன்றும் மகோகனி மரமும் மரம்வெட்டிகளும் இருக்கிறார்கள். நாற்காலியின் வரலாறு என்று எழுதத் தொடங்கினால் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

—

பதில்: கிங்ஸ்சர்க்கிள்_மீனா

அனைவருக்கும் நன்றி. நேற்று இருக்கையைத் தூக்கி எடுத்து, நாற்காலியைப் போர்வை மீது கவிழ்த்துவைத்துப் பார்த்தேன். பின்கால்கள் இரண்டிலும் இருக்கை மட்டத்தில் செவ்வக வெட்டுமுகம் தெளிவாகத் தெரிகிறது. உள்மூலைகளில் முக்கோணக் கட்டைகள். வெளிர்மஞ்சள் மரம், நகத்தால் கீறினால் பதிகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு திருகாணிகள், கழற்றிய ஒன்றின் நுனி கூர்மையாக இருக்கிறது. நான்கு சட்டங்களிலும் உட்பக்கத்தில் வில் வடிவக் கோடுகள். முன்சட்டத்தின் மேல்விளிம்பில் உளியால் வெட்டிய V, இருக்கைச் சட்டத்தில் II. பின்சட்டத்தின் உட்புறத்தில் தீப்பெட்டி அளவில் மரம் வெளிறிய ஓர் இடம், ஓரங்களில் காய்ந்த பசை. லென்ஸில் மரம் தேக்குப்போல் இல்லை. வெளிறிய கோடும் கருஞ்சிவப்புப் படிவும் தெரிகின்றன. படங்களை இணைத்திருக்கிறேன்.

நோட்டில் முந்தைய பக்கத்தில் "கொலாபாவிலிருந்து கைவண்டி" என்று ஒரு செலவு இருக்கிறது. எதைக் கொண்டுவந்தது என்று எழுதவில்லை.

—

பதில்: செம்பூர்_பட்டறை

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். நான்கு சட்டங்களிலும் வட்ட ரம்பத் தடம் என்றால் 1770கள் என்ற பேச்சு முடிந்தது. திருகாணி போட்ட முக்கோணக் கட்டையும் அதையே சொல்கிறது. மரம் தேக்கு இல்லை, மறைவான கட்டையும் தேக்கு இல்லை என்பதால், பம்பாய்ச் சரக்கு என்ற வாதமும் பெரும்பாலும் விழுந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்தவரை இது அமெரிக்க மறுமலர்ச்சிக் கால வேலை. 1876இல் பிலடெல்பியாவில் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தபின், பாட்டன் காலத்து நாற்காலிகளைப் போலவே செய்து வாங்கும் ஆசை அங்கே பரவியது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பகுதி வரை அது ஓயவில்லை. மலிவான ஆலைச் சரக்கு என்றால் நாக்கைக் காலைத் துளைத்து மறுபுறம் கொண்டுவரும் சிரமத்தை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். ஆக, பிலடெல்பியா அசல் ஒன்றைக் கழற்றிப் பார்த்த, அல்லது நன்கு அறிந்த ஒரு பட்டறையின் வேலை இது. 1772இல் பிலடெல்பியாவில் அச்சிட்ட விலைப்பட்டியலில் நகக்காலுக்குத் தனி விலை, முழங்காலில் இலை செதுக்கினால் அதற்கு மேல் தனி விலை என்று இருக்கும். நூறாண்டு கழித்து நகலெடுத்தவரும் அந்த உழைப்பைக் குறைக்கவில்லை என்பது உங்கள் படத்திலேயே தெரிகிறது.

V என்ற எண், குறைந்தது ஐந்து நாற்காலிகள் கொண்ட ஒரு தொகுதி இருந்தது என்கிறது. சட்டம் ஐந்து, இருக்கை இரண்டு என்று மாறிக் கிடப்பது இன்னும் சுவையானது. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் துணி மாற்றியபோது இருக்கைகள் கலந்திருக்க வேண்டும், ஆகவே துணி கிழியும் அளவுக்குப் புழங்கும் வரை தொகுதி ஒரே வீட்டில் இருந்திருக்கிறது. உங்கள் தாத்தா வாங்கியது ஒன்றே ஒன்று; மற்றவை அதற்கு முன்போ அன்றோ வேறு கைக்குப் போயிருக்கும். பின்சட்டத்தில் பசை இருந்த இடத்தில் செய்தவர் அல்லது விற்றவர் சீட்டு ஒட்டியிருந்திருக்கலாம். அங்கே ஈரத்துணியால் துடைக்காதீர்கள். புற ஊதா விளக்கில் படம் எடுத்தால் சில நேரம் எழுத்தின் நிழல் தெரியும்.

மூட்டுக்கு வருகிறேன். பழைய பசை வஜ்ஜிரமாக, அதாவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுத்த பசையாக, இருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை வைத்தாலே இளகும். மூட்டை முழுவதும் பிரித்து, பழைய பசையைச் சுத்தமாகக் கழுவி, காயவைத்து, மறுபடி வஜ்ஜிரத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் பசையில் ஒட்டினால் அடுத்த முறை பிரிக்கும்போது நாக்கு உடையும். இரும்புக் கோணம் வேண்டவே வேண்டாம். இந்த மழைக்காலம் முடிந்து மரம் காய்ந்தபின் வேலையைத் தொடங்குவது நல்லது. பாலிஷைச் சுரண்ட அனுமதிக்காதீர்கள். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அரக்குப் பாலிஷ், அதன் மேலேயே மெல்லிய கோட் கொடுத்தால் போதும்.

—

பதில்: சயான்_வக்கீல்

யாராவது அமெரிக்க ஏலத்துக்கு அனுப்பலாம் என்று ஆசை காட்டினால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. பொருள் எங்கே செய்யப்பட்டது என்று அந்த வரையறை பிரித்துப் பேசவில்லை. உங்கள் நாற்காலி 1900ஐ ஒட்டியது என்றால் அதற்குள் வந்துவிடும்; 1930 என்றால் வராது, ஆனால் அதைத் தொல்லியல் துறை பார்த்துத் தொல்பொருள் அல்ல என்று சான்று தர வேண்டும். துறையின் மும்பை வட்ட அலுவலகம் சயான் கோட்டையில்தான் இருக்கிறது. உள்நாட்டில் வைத்துக்கொள்வதற்கோ, வீடு மாற்றும்போது எடுத்துப் போவதற்கோ தடை இல்லை.

—

பதில்: கிங்ஸ்சர்க்கிள்_மீனா

விற்கும் எண்ணம் இல்லை. தற்காலிக வீட்டுக்கு அதையும் எடுத்துப் போகிறோம். ஜெஃபர்சன் செய்ததுபோல் ஒரு குறிப்பு எழுதி, கணக்கு நோட்டுப் பக்கத்தின் நகலோடு உறையில் இட்டு, இருக்கைச் சட்டத்தின் அடியில் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். 1948, கொலாபா, நாற்பது ரூபாய், V, II, வட்ட ரம்பத் தடம் ஆகியவை அதில் இருக்கும். கைவண்டியில் வந்தது இதுதானா என்பதற்கு எதிரே கேள்விக்குறி போடுவேன். வாஷிங்டனை விட்டுவிடுவதற்கு அத்தை சம்மதித்துவிட்டார்; அன்பளிப்பு என்பதை மட்டும் நீக்கக் கூடாது என்கிறார். அதை "குடும்பத்தில் சொல்லப்படுவது" என்று தனி வரியாக எழுதிவிடுகிறேன்.